கத்தி வேண்டாத இடம்

மகள் பிறந்த அன்று மருத்துவர் அவள் தலையைத் திருப்பிக் காட்டினார். உச்சியில் நாணயம் அளவுக்குத் தோலே இல்லை. மெல்லிய சவ்வு ஒன்று ஈரமாக மின்னியது. பிரசவத்தில் ஏதோ கீறிவிட்டது என்றுதான் நினைத்தேன். கருவிலேயே அங்கே தோல் உருவாகவில்லை, அரிதாகச் சில குழந்தைகளுக்கு இப்படி நேரும், யார்மேலும் தவறில்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அடியில் எலும்பு முழுதாக இருந்ததால் மருந்து வைத்துக் கட்டியே ஆற்றினார்கள்.

நாத்தனாருக்கு அந்த விளக்கம் போதவில்லை. "மாசமா இருந்தப்ப கெரகணத்தன்னிக்குக் கத்தி எடுத்தயா கண்ணு?" என்று என்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், பரிவாகக் கேட்டார். மலைமேல் பைல் நாட்டுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள் நான். ஆனாலும் அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. காயம் முடி முளைக்காத தழும்பாக மாறிய பிறகும், தினமும் மயிரை இழுத்து அதை மூடித்தான் பின்னிவிட்டேன்.

கணவர் வீட்டில், எடப்புளி நாட்டுக் குலதெய்வத்துக்கு முதல் முடி இறக்கிய பிறகே காது குத்துவார்கள். ஆண்டுதோறும் தள்ளிப்போட்டேன். ஒன்பது வயதாகியும் வெறுங்காது. வகுப்பில் கேலி. போன பங்குனியில் அவளே சொன்னாள்: "மொட்டை அடிச்சுடுங்கம்மா. எனக்குத் தோடு போடோணும்." தழும்பில் மட்டும் கத்தி படக்கூடாது என்று மருத்துவர் எச்சரித்து அனுப்பினார். கத்தியை விட, கூடி நிற்பவர்களின் கண்களுக்குத்தான் அதிகம் பயந்தேன்.

கோயிலில், மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து வந்திருந்த என் தம்பியின் மடியில் மகள் உட்கார்ந்தாள். தலையை நனைத்த நாவிதரின் விரல் தழும்பில் பட்டதும் நின்றது. "ஏனுங்க, இங்க எப்படிங்க..." என்று என்னைப் பார்த்தார்.

"அங்கதான் முடியே இல்லீங்களே, கத்தி எதுக்குங்க? சுத்தி மட்டும் எடுங்க" என்றாள் மகள். தம்பி குலுங்கிச் சிரித்தான். "ஆடாதீங்க மாமா, கத்தி பட்டுரும்" என்று அவனையும் அதட்டினாள்.

மழித்து முடித்ததும் நாத்தனார் குனிந்து தழும்பையே பார்த்தார். மகள் தலையை இன்னும் தாழ்த்திக் காட்டினாள். "பொறந்தப்ப இங்க தோலே இல்லீங்க அத்தை. அப்பறம் நானே வளத்துக்கிட்டேன்."

நாத்தனார் சந்தனத்தைக் குழைத்து அந்த இடத்தில்தான் முதலில் பூசினார். அடுத்து ஆசாரி காது குத்தியபோது மகள் கோயிலே அதிர அழுதாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது முடி ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது. தழும்பு நன்றாகத் தெரிகிறது. காலையில் பழக்கத்தில் என் கை அவள் உச்சிக்குப் போகிறது. அவளோ கண்ணாடிக்கு முன்னால் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, தோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.