மூன்று கிலோ மொச்சை

சனிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு மார்க்கெட்டில் நான் முதலில் பார்த்தது, மொச்சைக்காய் மூட்டையின் மேல் படுத்திருந்த ஒரு நாயை. கடைக்கார அம்மாள் அதை எழுப்பவில்லை. பக்கத்து மூட்டையைப் பிரித்தார். தை மாதம். காய்கள் பனியில் நனைந்திருந்தன.

"பிதுக்குறதுக்கா, பொரியலுக்கா?"

"பிதுக்கத்தான்," என்றார் என் அம்மா. "நாளைக்கு ஆளுங்க வராங்க. மூணு கிலோ போடு."

"எத்தினி பேரு?"

"ரெண்டு."

"ரெண்டு பேருக்கு மூணு கிலோவா? ஆளுங்க வராங்களா, ஆனைங்க வருதாமா?"

அம்மா சிரிக்கவில்லை. ஒரு காயை உரித்து, கொட்டையை நகத்தால் அழுத்திப் பார்த்தார். பிஞ்சாக இருந்தால் பிதுக்கும்போது நசுங்கிவிடும்.

வரவிருந்தவர்கள், என் தங்கை கட்டிக்கொள்ள விரும்பிய பையனின் அப்பாவும் அம்மாவும். இரண்டு வீடும் வேறு வேறு சாதி. நாங்கள் செவிலிமேட்டில் வீடு கட்டி வந்து பல வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் முன்பு இருந்த தெருவின் பெயரைச் சொன்னால், நாங்கள் யார் என்று காஞ்சிபுரத்தில் எவருக்கும் விளங்கும். அவர்களுக்கும் விளங்கியிருந்தது.

பேச்சு முடியும் வரை பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாப்பிட உட்கார்ந்தால் சம்மதம் என்று பொருள். சாப்பிடாமல் எழுந்து போகிறவர்கள் வழக்கத்தைக் காரணம் சொன்னால் போதும். வேறு காரணம் இருந்தாலும் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

வழியில், கறி எடுக்கலாமா என்று கேட்டேன்.

"வேணாம். சாப்புடாம போறதுக்கு நாமளே ஒரு சாக்கு எடுத்துக் குடுக்கணுமா?"

மாலையில் உரித்து, இரவெல்லாம் ஊறவைத்தோம். ஞாயிறு காலை ஆறரைக்கு அம்மா, தங்கை, நான் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து. தோல் கையில் தங்கும், பருப்பு குண்டானில் விழும். தங்கை பிதுக்கியது ஒன்று எகிறிப் போய்த் தொலைக்காட்சியில் பட்டது.

"அவங்க சாப்புடலன்னா இன்னாமா பண்றது?" என்றாள்.

"நாம சாப்புடுவோம். மூணு நாளைக்கு."

எட்டரைக்கு மூன்று பேரின் விரல் நுனிகளும் சுருங்கிப்போயிருந்தன. தேங்காய், சோம்பு, கசகசா அரைத்து, கத்தரிக்காய் போட்டு அம்மா குழம்பைக் கூட்டினார். பருப்பைக் கடைசியில்தான் சேர்த்தார்.

பதினொன்று பத்துக்கு வந்தார்கள். காபி கொடுத்தோம். "இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்," என்றார் பையனின் அம்மா. காபியில் ஆடை படிந்தது. மழை, புறவழிச் சாலை, வாங்கிய நிலத்துக்குப் பட்டா மாற்றும் கஷ்டம் எல்லாம் பேசினோம். கல்யாணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பையனின் அம்மா கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை. பன்னிரண்டே முக்காலுக்குக் கணவரைப் பார்த்து, "அப்ப கெளம்பலாங்களா?" என்றார்.

கணவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். "கொஞ்சம் தண்ணி குடும்மா," என்று தங்கையிடம் கேட்டார். ஒன்றை வாயில் போட்டு, சொம்புத் தண்ணீரை முழுவதும் குடித்தார்.

"இன்னாங்க இது? சக்கர மாத்திரைய இங்க போய் போட்டுக்கினீங்க?"

"மணியாவுதே."

"வீட்டுக்குப் போயி போட்டுக்கக் கூடாதா?"

"ஞாபகமில்ல. இனிமே அரை மணிக்குள்ள சாப்புடணும். பட்டு எடுக்க வந்த காருங்க காந்தி ரோடு பூரா நிக்குது. வீடு போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆவும். போன தடவ நான் மயங்கி விழுந்தப்ப அழுதது யாரு?"

என் அம்மா இலை போட்டார். கணவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மா சோறு போட்டதும் மனைவி எழுந்து வந்தார். "அவருக்கு இவ்ளோ சோறு ஆவாதுங்க," என்று அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கி, பாதிச் சோற்றைத் திரும்ப எடுத்தார். குழம்பையும் அவரே ஊற்றினார். கரண்டியில் வந்த பருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒண்ணுகூட நசுங்கல. யாரு பிதுக்குனது?"

"மூணு பேருந்தான்," என்றார் அம்மா.

"எங்க வீட்ல நான் ஒருத்திதான் பிதுக்கணும்."

பக்கத்தில் இன்னொரு இலை போட்டோம். அவர் கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கணவர் இரண்டாவது முறையும் குழம்பு கேட்டார், மனைவி வேண்டாம் என்றார், அம்மா ஊற்றினார்.

இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். மாசியில் தேதி பார்க்கலாம் என்று வாசலில் பையனின் அம்மாதான் சொன்னார். நான் கூடத்தைப் பெருக்க வந்தபோது மாத்திரை அட்டை சொம்புக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று எடுத்தேன்.

அது பி காம்ப்ளெக்ஸ்.