மிக்ஸிக்குப் பன்னண்டரை, குக்கருக்கு நாலு

பில்லைக் கசக்கி என் சட்டைமேலேயே எறிந்தார் அந்த ஆள். "டப்பாவுல ஆயரத்தி அறுநூறுன்னு ஒட்டியிருக்குது. பில்லுல ஆயரத்தி எட்டுநூறுங்கறே. எரநூறு ரூவா யாருக்குடா?" கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள், என்னவோ அந்த இருநூறை நான் பாக்கெட்டில் போட்டுக்கொண்ட மாதிரி. பில் போடுகிறவன் பிழைப்பு இதுதான். வரி போடுவது கவர்மெண்ட், கொண்டுபோய்க் கட்டுவது முதலாளி, திட்டு வாங்குவது மட்டும் நாம். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நிற்காதவர்கள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பனியன் கம்பெனியில் சம்பளம் போட்ட பிறகு, திருப்பூரில் வந்து நின்று பாருங்கள்.

எங்கள் கடை வீட்டு சாமான் கடை. மிக்ஸி, குக்கர், ஃபேன், கிரைண்டர். பத்தாவதில் எனக்குப் போனது இங்கிலீஷ், கணக்கு போகவில்லை. அதனால் பில் போட வைத்தார்கள். வாட் வரி வந்த புதுசு. சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார்: "வாய் பேசாத. பில்ல மட்டும் போடு. ஏதாச்சும் கோளாறுன்னா அப்படியே கெளம்பிரு." கிளம்பினால் அடுத்த இடம் அப்பா வேலை பார்க்கும் சாயப்பட்டறைதான். அதை அப்பாவும் சொல்லிவிட்டார். அவர் நகத்தைப் பார்த்தாலே அன்றைக்கு அங்கே என்ன கலர் ஓடியது என்று தெரியும். எனக்கு அங்கே போக இஷ்டமில்லை.

அந்த ஆளுக்கு வருகிறேன். மிக்ஸி விலை ஆயிரத்து அறுநூறு, வரி பன்னிரண்டரை சதவீதம், அதாவது எட்டில் ஒரு பங்கு, இருநூறு என்று பொறுமையாகத்தான் சொன்னேன். காசை எண்ணி வைத்துவிட்டு அவர் சொன்னது:

"அதையும் சேத்தி டப்பாவுலயே ஒட்டியிருந்தா வாயத் தொறக்காம வாங்கிட்டுப் போயிருப்பனேடா!"

ஒன்பது டம்ளர்

முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். எல்லா டப்பாவிலும் வரி சேர்த்த விலையை ஒட்டச் சொன்னார். மிக்ஸி ஆயிரத்து எண்ணூறு. சண்டை நின்றது. ஆனால் பில்லில் விலை தனி, வரி தனி என்று பிரித்துத்தான் எழுத வேண்டும். "எட்டுல ஒண்ணு எடுத்துரு" என்றார். ஆயிரத்து எண்ணூறில் எட்டில் ஒன்று இருநூற்று இருபத்தைந்து. நேற்று வரைக்கும் இருநூறு கட்டிய அதே மிக்ஸி.

"ஒம்போதுல ஒண்ணுதானுங்க எடுக்கோணும்" என்றேன். "ஏத்தறப்ப எட்டு, எறக்கறப்ப ஒம்போதா? இதுக்குத்தான் உன்னைப் பத்தாவதுல ஒக்கார வெச்சுட்டாங்க" என்றார். அது இங்கிலீஷ் என்று சொன்னால் இன்னும் கோபம் வரும். ஷெல்ஃபிலிருந்து எட்டு எவர்சில்வர் டம்ளரை எடுத்து வரிசையாக வைத்தேன். இது விலை. ஒன்பதாவதாக ஒன்றை வைத்தேன். இது வரி. இப்போது மொத்தத்தில் வரி எத்தனையில் ஒன்று? முதலாளி விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். திரும்ப ஒருமுறை எண்ணினார். அப்புறம் சொன்னார்:

"டம்ளர எடுத்த எடத்துல வெய்யி."

மறுநாளிலிருந்து ஒன்பதால்தான் வகுத்தோம்.

ஒரே அடுப்படி

பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் ஒரு அக்கா குக்கரும் மிக்ஸியும் ஒன்றாக வாங்கியது. பில்லில் குக்கருக்கு நாலு சதவீதம், மிக்ஸிக்குப் பன்னிரண்டரை. துணியில் ஊசி ஓட்டை தேடுகிற கண் அல்லவா, உடனே பிடித்துவிட்டது. ஏன் என்று கேட்டது. எனக்கும் தெரியாது. குக்கர் பாத்திரத்தில் சேர்த்தி, மிக்ஸி கரண்டு சாமானில் சேர்த்தி என்று அட்டவணையில் இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும் என்றேன். தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்ல எனக்கு வராது. அக்கா பில்லை மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டு கேட்டது:

"அரிசி வேகறதுக்கு நாலு, தேங்கா அரைக்கறதுக்குப் பன்னண்டரையா? வரி போட்டவிங்க ஊட்ல சட்னியே அரைக்க மாட்டாங்களா?"

கழித்துப் போடு

தையல் கான்ட்ராக்டர் ஒருவர் பவர் டேபிளில் தைப்பவர்கள் தலைக்கு மேலே மாட்ட பத்து ஃபேன் கேட்டார். மொத்தமாக எடுப்பவர்களுக்கு வரி சேர்க்காத விலையில் பேசுவோம். ஒன்று ஆயிரம். பத்து சதவீதம் தள்ளுபடி பேசி முடித்தார்கள். டஜன் ரேட்டை மனசுக்குள்ளேயே போட்டுப் பழகியவர் அவர், கால்குலேட்டரைத் தொட விடவில்லை. "தள்ளுபடி பத்து, டேக்ஸ் பன்னண்டரை. கழிச்சா ரெண்டரை. பத்தாயரத்துக்கு எரநூத்தம்பது. சேத்திப் போடு" என்றார்.

மேஜைக்கு அடியில் முதலாளி என் காலை மிதித்தார். வாய் சும்மா இருக்க வேண்டுமே. "அப்படி இல்லீங்க. தள்ளுபடி போக ஒம்பதாயரம். வரி அந்த ஒம்பதாயரத்துக்குத்தான். ஆயரத்தி நூத்தி இருவத்தஞ்சு. மொத்தம் பத்தாயரத்தி நூத்தி இருவத்தஞ்சுதானுங்க ஆகும்" என்றேன். கான்ட்ராக்டர் என்னையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நூத்தி இருவத்தஞ்சு கம்மியா சொல்றானுங்களே, ஃபேன்ல ஏதோ கோளாறு இருக்குதுங்க!"

கம்பெனி பேரில்

பெரிய காரில் வந்த ஒரு அம்மா வெட் கிரைண்டர் எடுத்தார். பில்லை அவர் வீட்டுக்காரரின் பனியன் கம்பெனி பேரில் போடச் சொன்னார். கம்பெனி வாங்கும் சாமானுக்குக் கட்டிய வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "கிரைண்டர் கம்பெனிக்கு எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டேன். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மா திருப்பிக் கேட்டார்:

"ஏனுங்க, கம்பெனியில மாவாட்டக் கூடாதுங்களா?"

வெள்ளைச் சீட்டு

தேனிப் பக்கத்துக்கார அக்கா ஒன்று, ஓவர்லாக் டெய்லர். வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் லைன் வீட்டில் தனியாக இருக்கிற பையன்களுக்குக் காலை ஷிப்டுக்கு முன்னால் இட்லி போட்டு விற்கலாம் என்று மிக்ஸி வாங்க வந்தது. கையில் ஒரு வாரச் சம்பளமும் கொஞ்சமும்தான், டப்பாவில் ஒட்டிய விலைக்குப் பத்தாது. முதலாளி வெள்ளைச் சீட்டை எடுத்தார். கடை பேர் இல்லாத சீட்டு. "பில்லு வேண்டாம்னா ஆயரத்தி அறுநூறு." நான் காரண்டிக்கு பில் கேட்பார்கள் என்றேன். "நாம எதுக்கு இருக்கறோம், பாத்துக்கலாம்" என்றார் முதலாளி. அக்கா அவரை நம்பியது. சீட்டை நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

மோட்டார் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. சர்வீஸ்காரன் பில் இல்லாமல் தொட மாட்டேன் என்றுவிட்டான். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில் மிக்ஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா வந்து நின்றது. முதலாளி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல நம்ம கடை பேரே இல்லீங்களேம்மா. எங்க வாங்குனீங்களோ என்னமோ." அக்கா என்னைப் பார்த்தது. இட்லிக்காரம்மா கையில் மிக்ஸி இல்லையென்றால் அடுத்த நாள் சட்னி இல்லை. அந்தப் பையன்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

"இங்கதானுங்க வாங்குச்சு. அந்தச் சீட்டுல இருக்கறது என் கையெழுத்துங்க" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. கூட்டம் மொத்தமும் முதலாளி பக்கம் திரும்பியது. அத்தனை பேர் முன்னால் முதலாளி வேறென்ன செய்வார்? பில் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். ஆயிரத்து எண்ணூறுக்கு, வரியோடு, முறையாகப் போட்டுக் கொடுத்தேன். அக்கா அதை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு முதலாளியிடம் சொன்னது:

"சீட்டுல பேரு இல்லேன்னா என்னங்கய்யா, வாசல்ல அம்புட்டுப் பெருசா பேரு எழுதி வச்சிருக்கீகளே!"

கடை சாத்தும்போது முதலாளி என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை. "அந்தம்மா லைன் ஊட்டுக்குப் போயி வரிக்காசு எரநூற வாங்கிட்டு வா, இல்லீன்னா திங்கக்கெழமை வராத" என்றார்.

திங்கட்கிழமை காலையில், வாங்கவும் போகாமல், வராமலும் இருக்காமல், ஷட்டரைத் தூக்கிவிட்டுப் போய் என் இடத்தில் நின்றேன்.