மலாமா குடிபோன தெரு

மட்டேரோ சந்தையில் கருவாடு விற்ற மலாமாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் 'பனா கசூபா', கசூபாவின் அம்மா. புருஷன் சிசாலா 'பஷி கசூபா', கசூபாவின் அப்பா. அந்தப் பேட்டையில் அதற்குமேல் விலாசம் தேவைப்படவில்லை.

சிசாலா லாரி ஓட்டினான். செம்புத் தகடுகளை ஏற்றிக்கொண்டு தார் எஸ் சலாம் துறைமுகம்வரை போவான். போனால் வாரக்கணக்கில் வரமாட்டான். முதலில் முதலாளியின் லாரி, பிறகு சொந்த லாரி, பிறகு அதற்குத் துணையாக இன்னொன்று. தூங்காமல் உழைத்ததற்குப் பலன் கிடைத்தது என்றுதான் சொல்லவேண்டும். லாரிகள் பெருகின. ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னான்:

"பணக்காரங்க இருக்கற கபுலோங்கால வீடு பாத்துட்டேன், பனா கசூபா. பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம். வீட்டுக்குள்ளயே மாமரம் இருக்கு."

"அங்க யாரு இருக்கா நமக்கு?"

"போனா ஆள் வந்துடறாங்க. மட்டேரோவுக்கு வந்தப்ப மட்டும் யாரு இருந்தா?"

அது உண்மைதான். மட்டேரோவுக்குக் குடிவந்த அன்று பாயை விரிப்பதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரி ஒரு வாளித் தண்ணீரோடு உள்ளே நுழைந்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரி கரியடுப்பில் நெருப்பு எடுத்துவந்தாள். ஆகவே கபுலோங்காவிலும் யாராவது வருவார்கள் என்று மலாமா நிலக்கடலை வறுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கடலை நமத்துப்போனது. யாரும் வரவில்லை.

தெரு முழுக்கச் சுவர்கள். ஆள் உயரத்துக்கும் மேலே எழும்பி, உச்சியில் மின்சாரக் கம்பி ஓடும் சுவர்கள். உள்ளே மனிதர்கள் இருப்பதற்கு நாய்க் குரைப்பும், மாலையில் புல்வெளிக்குத் தண்ணீர் பீய்ச்சும் சத்தமும்தான் சாட்சி. சரி, நாமே போவோம் என்று அவள் பக்கத்து வீட்டு இரும்புக் கதவின் முன்னால் போய் நின்றாள். சுவரில் பதித்திருந்த பெட்டி பேசியது.

"யாரு?"

"பக்கத்து வீடு."

"பக்கத்து வீட்ல எந்த வேலைக்கு வந்திருக்கே?"

"வேலைக்கு இல்ல. குடிவந்திருக்கோம். சும்மா பாத்துட்டுப் போகலாம்னு..."

பெட்டி கொஞ்சநேரம் யோசித்தது. "அம்மா வெளிய போயிருக்காங்க" என்றது. உள்ளே கார் நிற்பது கதவின் இடுக்கில் தெரிந்தது.

அந்த வீட்டுக் காவல்காரர் ஜிம்பா மட்டும்தான் தெருவில் அவளோடு பேசுகிற ஆள். வயதானவர். மறுநாள் காலையில் அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். "இங்க ஆளைப் பாக்கணும்னா முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லணும் தாயி. எங்க அம்மாவோட கூடப்பிறந்த தங்கச்சியே சொல்லிட்டுத்தான் வருது."

அதைக் கேட்டு மலாமா சிரித்தாள். வீட்டுக்கு வந்தபிறகு சிரிப்பு வரவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது பக்கத்து வீட்டுத் திருமதி ஹமூங்காவின் தாயார் இறந்துபோனார். செய்தியை ஜிம்பாதான் சொன்னார். மலாமா யோசிக்கவே இல்லை. சிதேங்கே துணியை இடுப்பில் சுற்றினாள், தலைக்கு இன்னொன்றைக் கட்டினாள். சோள மாவுப் பையைத் தலையில் தூக்கி, கோழி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். சாவு வீட்டுக்குக் கூப்பிட்டா போவார்கள்? அன்று கதவு திறந்தே இருந்தது. வாசல்படியிலேயே செருப்பை விட்டாள். உள்ளே காலெடுத்து வைக்கும்போதே, காலங்காலமாகச் செய்கிற மாதிரி, தலைமேல் கைவைத்துக் குரலெடுத்தாள்.

"எங்க அம்மாவே, எங்களை விட்டுட்டு எங்க போனே, அம்மாவே..."

அவளுடைய குரல் மட்டும் அந்தக் கூடத்தில் தனியாக நின்றது. கறுப்பு உடையும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பெண்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மலாமா தரையில் உட்காரப் போனாள். அதற்குள் ஒரு இளம்பெண் வந்து முழங்கையைப் பிடித்தாள். "சமையல்கட்டு அந்தப் பக்கம். கோழியை இங்க கொண்டுவரக் கூடாது" என்றாள். கடுமையாகச் சொல்லவில்லை. வழி தெரியாமல் வந்த ஆளுக்கு வழி சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

சமையல்கட்டில் அவளிடம் கத்தியையும் ஒரு கூடை வெங்காயத்தையும் கொடுத்தார்கள். சாவு வீட்டில் சமைப்பது பெண்களின் கடமைதானே என்று அவளும் உரிக்க ஆரம்பித்தாள். சமையல் மேஸ்திரி வந்து, "உன்னை அனுப்பினது யாரு? சாயந்திரம் கணக்குப் பாக்கணும்" என்றபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. எழுந்து, "நான் பக்கத்து வீட்டுக்காரி" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சொன்னால் அந்தப் பெண்கள் எல்லோரும் இன்னொரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். வெங்காயம் முடிந்து பாத்திரமும் கழுவினாள். போகும்போது வேலைக்காரிகளுக்குக் கொடுத்த சோற்றுப் பொட்டலத்தை அவள் கையிலும் வைத்தார்கள். வாங்கிக்கொண்டாள்.

"போனியா? நல்லபடியா பேசினாங்களா?" என்று சிசாலா கேட்டான்.

"பேசினாங்க."

"பாத்தியா! பழகப் பழகச் சரியாயிடும்னு சொன்னேன்ல?"

அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அவனிடம் மறைத்த விஷயம் அது ஒன்றுதான். சொல்ல வேளை வரும் என்று நினைத்தாள்.

வரவில்லை. அடுத்த குளிர்காலத்தில், லாரிக்கு டயர் மாற்றுவதை நின்று பார்த்துக்கொண்டிருந்த சிசாலா, "நெஞ்சு அடைக்குது" என்று சொல்லிக் கீழே உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

மட்டேரோ திரண்டு வந்தது. மினிபஸ்களிலும், அவனுடைய லாரிகளின் முதுகிலும் ஏறி வந்தார்கள். கூடத்திலிருந்த சோபாக்களைத் தூக்கி வெளியே போட்டார்கள். ஆண்கள் மாமரத்தடியில் விறகு அடுக்கித் தீ மூட்டினார்கள். பெண்கள் உள்ளே தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். புதிதாக ஆள் வர வர அழுகை கிளம்பி, அடங்கி, மறுபடி கிளம்பியது. சிசாலாவின் அக்கா சோலா கனத்த சாரீரக்காரி. தம்பியின் பால்யத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த வீட்டுக்கு வந்தபிறகு முதல்முறையாக மலாமாவுக்கு அது தன் வீடு என்று பட்டது.

மறுநாள் காலையில் ஜிம்பா வந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார்.

"தாயி, என்னை மன்னிக்கணும். சொல்லி அனுப்பினாங்க, சொல்லித்தான் ஆகணும்."

"சொல்லுங்க."

"புகை எங்க பக்கம் வருதாம். வீட்ல விருந்தாளி இருக்காங்க. அழுகையை... கொஞ்சம் குறைச்சுக்க முடியுமான்னு அம்மா கேக்கறாங்க."

சோலா வாசலுக்கே வந்துவிட்டாள். "என்னது? அழுகையைக் குறைக்கறதா? அதென்ன ரேடியோவா, திருகிக் குறைக்க? போய் உங்க அம்மாகிட்ட சொல்லு, இங்க செத்துக் கிடக்கறது என் தம்பி!"

"அண்ணி, அவர் வெறும் காவல்காரர்..." என்றாள் மலாமா.

"நீ சொல்லு பனா கசூபா. உன் வீடு. நீ என்ன சொல்றே?"

எல்லோரும் மலாமாவையே பார்த்தார்கள். என்றைக்கும் யாருக்கும் பயந்தவள் இல்லை அவள். சந்தையில் தராசு சரியில்லை என்று வம்புக்கு வந்தவனை ஓட ஓட விரட்டியவள். ஆனால் அந்த நேரத்தில் அவள் கண்முன் வந்தது, கறுப்புக் கண்ணாடிகள் ஒன்றாகத் திரும்பிய அந்தக் கூடம்தான். இங்கே இன்னும் இருக்கவேண்டும், கசூபா இந்தத் தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று எதையெதையோ நினைத்தாள். தன் வாயிலிருந்து வந்த சொற்களை அவளே கேட்டாள்.

"கொஞ்சம்... மெதுவா அழுவோம் அண்ணி."

சோலா திரும்பினாள். உள்ளே போய், இருந்த இடத்தில் உட்கார்ந்து, துணி முனையை வாயில் திணித்துக்கொண்டாள். மற்ற பெண்களும் அப்படியே செய்தார்கள். கூடம் நிறையத் தோள்கள் குலுங்கின. சத்தம் இல்லை. கொஞ்சநேரத்தில் சோலா எழுந்தாள்.

"இது சரிப்படாது. கிளம்புங்க. மட்டேரோவுல என் வீட்டுக்குப் போவோம். ஒத்தை ரூம்தான், ஆனா என் தம்பிக்கு அங்க வாய்விட்டு அழலாம்."

சாவு வீடே மட்டேரோவுக்கு இடம் மாறியது. ஆண்கள் எரிகிற விறகுமேல் தண்ணீர் ஊற்றினார்கள். மலாமா கசூபாவைப் பிடித்துக்கொண்டு லாரியின் பின்பக்கம் ஏறினாள். மட்டேரோவில் மறுபடி தீ மூட்டினார்கள், மறுபடி அழுகை எழும்பியது, தெருவே வந்து சேர்ந்தது. ஆனால் மலாமாவுக்கு அழுகை வரவில்லை. வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. அடக்கம் நடந்தபோதும் வரவில்லை.

பக்கத்தில் இருந்தவர்கள் குசுகுசுவென்று பேசியது காதில் விழுந்தது.

"கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு."

"பெரிய வீட்டுக்காரி ஆயிட்டால்ல. நம்ம மாதிரி கத்துவாளா?"

சோலா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விடைபெறும்போது, "போயிட்டு வாங்க" என்று மரியாதையாகச் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து 'வா, போ' என்று பேசியவள்.

மலாமா கபுலோங்காவுக்கே திரும்பினாள். சிசாலாவின் தம்பி லாரிகளைப் பார்த்துக்கொண்டான். கசூபா பள்ளிக்கூடம் போனாள், அந்தப் பள்ளிக்கூடத்துப் பேச்சு பேசக் கற்றுக்கொண்டாள். பகலெல்லாம் வீட்டில் மலாமா மட்டும். பக்கத்து வீட்டுத் திருமதி ஹமூங்கா துக்கத்துக்கென்று வெள்ளைப் பூக்களைக் கூடையில் வைத்து அனுப்பியிருந்தாள். பூ வாடியபிறகும் அந்தக் கூடை, அதை என்ன செய்வதென்று மலாமாவுக்குத் தெரியாததால், மூலையிலேயே கிடந்தது.

சில மாதங்கள் கழித்து ஜிம்பா இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. அவர் பேத்தி, மூன்று வயசுக் குழந்தை, காய்ச்சலில் இறந்துவிட்டதாக அவருக்குப் பதில் வந்த காவல்காரன் சொன்னான். அவன் சொன்ன வழியை வைத்து மலாமா பஸ் மாறி, மண்சாலையில் நடந்து, தகரக் கூரைகளுக்கு நடுவே அந்த வீட்டைத் தேடிப் போனாள். அங்கே அவளுக்கு ஒருத்தரையும் தெரியாது. வாசலில் செருப்பை விட்டாள். உள்ளே ஒரு சின்னப்பெண், குழந்தையின் தாய், சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தாள்.

மலாமா அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். அப்போது எங்கிருந்தோ அவளுடைய குரல் வந்தது. குழந்தையைக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தாள். நடுவிலேயே பெயர் மாறிப்போனது. "பஷி கசூபா, பஷி கசூபா" என்று அலறினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. சாவு வீட்டில் அவரவர் தங்கள் செத்தவர்களுக்கும் சேர்த்து அழுவது வழக்கம்தான். தெரியாத பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

"யாரு இவங்க?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"நான் வேலை செய்யற தெருவுல இருக்காங்க. பனா கசூபா" என்றார் ஜிம்பா.

சாயந்திரம் வீடு திரும்பும்போது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கசூபா கதவைத் திறந்தாள்.

"அம்மா, கண்ணெல்லாம் வீங்கியிருக்கு. எங்க போனே?"

"அப்பாவுக்கு அழுதுட்டு வந்தேன்."

கசூபா உள்ளே போனாள். தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள். மலாமா வாசல்படியிலேயே உட்கார்ந்து குடித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் புல்வெளிக்குத் தண்ணீர் பீய்ச்சத் தொடங்கியிருந்தது. பெண் படிப்பை முடிக்கும்வரை அவள் அந்த வீட்டில்தான் இருந்தாள். அதற்குப் பிறகும் அங்கேயேதான் இருக்கிறாள். மட்டேரோவுக்குப் போனால் சோலா இன்னும் அவளை 'வாங்க' என்றுதான் சொல்கிறாள்.