காக்கையை எழுத மறந்தவள்

நெதர்லாந்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஹென்க் என்னைப் பார்த்தால் நலமா என்று கேட்பதில்லை. சைக்கிளை நிறுத்தி, "ஹூவேல்?" என்பார். எத்தனை என்று பொருள். குடிவந்த புதிதில், ஓர் அக்டோபர் காலையில், என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்துவிட்டு முதன்முறையாக இப்படிக் கேட்டார். பிள்ளைகளைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, தெரிந்த டச்சையெல்லாம் திரட்டி "இரண்டு" என்றேன். மனிதருக்கு முகம் வாடிவிட்டது. அவர் கேட்டது அந்த வருடம் நான் பார்த்த பறவை இனங்களின் எண்ணிக்கை. இங்கே அதற்கு யார்லெய்ஸ்ட் என்று பெயர். ஜனவரி முதல் தேதி பூஜ்யத்தில் தொடங்கி டிசம்பர் கடைசியில் முடிகிற வருடப் பட்டியல். பத்து மாதத்தில் இரண்டே இரண்டு பறவை பார்த்த பெண்ணை நினைத்து அவர் தூங்கியிருக்க மாட்டார் போலும். மறுநாள் ஒரு பறவைப் புத்தகத்தோடு வந்து, பயப்பட வேண்டாம், புறாவிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று ஆறுதல் சொன்னார்.

எனக்குச் சென்னையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருப்பதை அவருக்குப் புரியவைக்க மூன்று வருடம் ஆயிற்று. அந்தப் பட்டியலின் எஜமானி பிலோ, அதாவது பிலோமினா டீச்சர். சாந்தோமில் நானும் அவளும் ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. இப்போது அதே பகுதியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் ஏழு பேர் அடையாறு முகத்துவாரத்துக்குப் போய்விடுவோம். பார்த்ததையெல்லாம் பிலோ எழுதுவாள். முன்பு கோடு போட்ட நோட்டு, இப்போது எக்செல். ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு வரிசை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, பிலோவுக்கு அந்த எக்செல். சட்டங்களும் அவளுடையவைதான். சென்னை எல்லைக்குள் பார்த்தால்தான் செல்லும். கூண்டுக்குள் இருப்பது செல்லாது. கண்ணால் பார்த்ததே கணக்கு, காதால் கேட்டது வதந்தி. வருடத்துக்கு நூறு இனம் பார்க்காதவர் பெயர் 'நிலைவாசிகள்' தாளிலிருந்து 'வலசை வருவோர்' தாளுக்கு இறக்கப்படும். முதலில் அது பறவைகளைப் பிரிக்க வைத்த பெயர். மனிதர்களையும் அதிலேயே பிரித்துவிட்டாள்.

நான் ஊரைவிட்டுப் போய்ப் பதினொரு வருடமாகிறது. வீட்டை விற்றாயிற்று, ரேஷன் அட்டையில் பெயர் இல்லை, வங்கிக்காரர்கள் என்னை வெளிநாட்டுவாசி என்கிறார்கள். ஊரில் எனக்கென்று மிச்சமிருப்பது பிலோவின் தாளில் அந்த ஒரு வரிசைதான். படிப்பவர்கள் சிரிக்கலாம். புலம்பெயர்ந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள், அவரவருக்கு இப்படி ஒன்று இருக்கும். அதனால் ஒவ்வொரு புத்தாண்டு அன்றும் காலையில் ஹென்க்கோடு இங்கே உறைபனியில் ஒரு சுற்றுச் சுற்றி டச்சுப் பட்டியலைத் தொடங்கிவைத்துவிட்டு, மறுநாளே விமானம் ஏறிவிடுவேன். மூன்று வாரத்தில் நூறு பார்த்தாக வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஹென்க்கும் கூட வந்தார். விமான நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு காக்கை குப்பைத்தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தது. பெட்டியை அப்படியே விட்டுவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்து பதினாலு படம் எடுத்தார். கழுத்து சாம்பல் நிறம், என்ன அழகு என்று உருகினார். அவர் இந்தியப் பட்டியலில் முதல் பெயர் காக்கை. காரை எடுக்க வந்த பிலோ, "நல்லவேளை, குப்பைத்தொட்டியையும் சேர்த்து எழுதல" என்றாள்.

இந்த ஜனவரி எனக்குச் சரியாக அமையவில்லை. நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். தி.நகரில் புடவைக் கடைகளிலேயே நான்கு நாள் போயிற்று. ரங்கநாதன் தெருவில் அண்ணாந்து பார்த்தால் கிடைப்பது புறா, அதை முன்பே எழுதியாயிற்று. பிறகு காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்தேன். மிச்ச நாட்களில் பேய் பிடித்ததுபோல் அலைந்தோம். கிண்டியில் மாங்குயில், பள்ளிக்கரணையில் பூநாரை, கொட்டிவாக்கம் கடற்கரையில் ஆலா. ஊருக்குத் திரும்பும் நாள் விடிந்தபோது என் வரிசையில் தொண்ணூற்றொன்பது இருந்தது.

பெசன்ட் நகரில் பிலோவுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் ஆறுமணிக்குருவி வந்திருப்பதாகச் செய்தி. பெயருக்கேற்றபடி காலை ஆறு மணிக்குக் கூப்பிடும், உதிர்ந்த இலைக்குள் பூச்சி தேடும். ஐந்தரைக்கே போய், வேலிக்கு வெளியே நின்று, மாமரத்தடிக் குப்பையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழு மணிக்கு வாட்ச்மேனுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா, காலைலேர்ந்து அந்தக் குப்பையவே பாத்துகினு கீறீங்க. எதுனா தொலைச்சிட்டீங்களா?"

குருவி என்று பிலோ சொன்னாள். வளர்த்த குருவியா, கூண்டைத் திறந்து வைத்துவிட்டீர்களா என்று அவர் வருத்தத்தோடு விசாரித்தார். இல்லை, வடக்கேயிருந்து வருவது என்றாள். அப்படியானால் அது திரும்பப் போயிருக்கும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பாவமே என்று அவரும் எங்களோடு குனிந்து தேடினார். அந்த நேரம் பார்த்து மரத்துக்குப் பின்னால் அது கூப்பிட்டது. தெளிவாக, இரண்டு விசில். மூவரும் கேட்டோம். நான் பிலோவைப் பார்த்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டரை மணிவரை நின்றோம், ஓர் இறகுகூடக் கண்ணில் படவில்லை.

அவள் வீட்டுக்குத் திரும்பினோம். கோபம் குருவி மேலா, பிலோ மேலா, என் மேலேயா என்று தெரியவில்லை. நாற்பது வருடச் சிநேகிதிக்காக ஒரு விசிலைக் கண்ணால் பார்த்ததாக எழுதக்கூடாதா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் அவள் எழுத மாட்டாள், எழுதினால் எனக்கே அவள்மேல் மரியாதை போய்விடும். இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். கடைசியாக ஒருமுறை சரிபார்க்கலாம் என்று என் வரிசையை மேலிருந்து வாய்விட்டு வாசித்தாள். மைனா. செண்பகம். கொண்டலாத்தி. கரிச்சான். தொண்ணூற்றொன்பதையும் வாசித்து முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஜெசி, காக்கா எங்கடி?"

இல்லை. மூன்று வாரம் காக்கைகளுக்கு நடுவிலேயே நடந்திருக்கிறேன். தினம் காலையில் என்னை எழுப்பியதே அதுதான். ஆனால் எழுதவில்லை. விட்டுப்போனதைப் பின்தேதியிட்டு எழுதக்கூடாது என்பதும் அவள் சட்டம். நான் அவசரமாகச் சன்னலைத் திறந்தேன். எதிர் மொட்டைமாடியில், கடவுள் புண்ணியத்தில், பதினேழு காக்கை.

பிலோ நூறு என்று தட்டினாள். இது தந்திரம் இல்லையா, காக்கையை வைத்துக் கரையேறலாமா என்று நானே கேட்டேன். அவள் இட்லியைப் பிட்டபடியே சொன்னாள்.

"வெளியூர்க்காரங்க எறங்குன ஒடனே மொதல்ல காக்காவத்தான் எழுதுவாங்க. ஒங்க ஹென்க் எழுதுனாரே. இந்த ஊர்க்காரிதான் அத மறப்பா. பேசாம சாப்பிடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சட்னி காரம் என்றேன். அவள் நம்பியதாகக் காட்டிக்கொண்டாள்.

விமானத்தில் முழு வழியும் அந்த வாக்கியத்தை மனதில் வைத்துக் கொஞ்சிக்கொண்டே வந்தேன். மறுநாள் காலை குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வரும்போது ஹென்க் சைக்கிளை நிறுத்தினார். ஹூவேல்? நூறு என்று பெருமையாகச் சொன்னேன். அது அங்கே, இங்கே எத்தனை என்றார். கோட்டுப் பையிலிருந்து என் டச்சு நோட்டை எடுத்து நீட்டினேன். புத்தாண்டுக் காலையில் எழுதிய நாற்பத்தொரு பெயர்களையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு எங்கள் வீட்டுப் புகைபோக்கியை நிமிர்ந்து பார்த்து, "கௌ எங்கே?" என்றார்.

கௌ என்பது இந்த ஊர்க் காக்கை. நம்முடையதைவிடச் சிறியது, கழுத்தில் அதே சாம்பல். பதினொரு வருடமாக எங்கள் புகைபோக்கியில்தான் கூடு கட்டுகிறது. குடிவந்த வருடம் நோட்டில் நான் முதலில் எழுதிய பெயர் அது. இந்த வருடம் மறந்திருக்கிறேன்.

முதலில் சிரித்துவிட்டேன். பிறகு பிலோவின் வாக்கியம் நினைவுக்கு வந்து, பயமாக இருந்தது. ஹென்க்குக்கு ஒன்றும் புரியவில்லை. பேனாவை நீட்டி, எழுது, நாற்பத்திரண்டு ஆகும் என்றார். புகைபோக்கியிலிருந்து கௌ தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது. நான் பேனாவை வாங்கிக்கொண்டு, மூடியைத் திறக்காமல் நின்றேன்.