மிளகாய் மில் நின்ற பகல்

எதிர்வீட்டில் மிளகாய் அரைத்து வந்து தாம்பாளத்தில் ஆறவைத்திருக்கிறார்கள். எனக்குத் தும்மல் வந்தது; கூடவே ஒரு கருப்புத் திரையும் ஞாபகத்துக்கு வந்தது. சிலருக்கு மல்லிகை வாசனையில் காதல் நினைவு வரும். நமக்கு வாய்த்தது இது.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். கல்யாண வீடியோக்களை டிஸ்க்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றுவது என் பொறுப்பு. கருப்புத் திரையில் கட்டளை அடித்தால் மணிக்கணக்கில் காப்பி ஆகும். ஆனால் முடியும்வரை திரை வாயே திறக்காது. ஒருமுறை முதலாளி, “இன்னாடா, மிஷின் செத்துப்பூடுச்சா?” என்று பாதி வேலையில் சுவிட்சை அணைத்துவிட்டார். அதன்பிறகுதான் சென்னை நண்பனிடம் கேட்டு, எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும் கட்டளையைக் கற்றேன். அந்த ஒரு வரியை வைத்தே ஊரில் கம்ப்யூட்டர் மேதையாகத் திரிந்தேன்.

ஒருநாள் காலை பெருநகரிலிருந்து தனம் வந்தாள். அவள் கல்யாணத்தை நாங்கள்தான் எடுத்திருந்தோம்; ஆனால் எங்களிடம் பிரதி இல்லை. பட்டு நெய்துகொண்டிருந்த அவள் அப்பா அதற்குப்பின் இறந்துபோனார். அவள் கொண்டுவந்த டிஸ்க்கைச் செருகினால் கடகடவென்று சத்தம்.

“அப்பா பேசனது இதுல மட்டுந்தாண்ணா கீது.”

அந்த டிஸ்க் இன்னொரு தடவை ஓடும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. பக்கத்துக் கடை கன்னியப்பன் அண்ணனின் மாவு மில். அவர் மோட்டார் போட்டால் வோல்டேஜ் இறங்கி எங்கள் கம்ப்யூட்டர் படுத்துவிடும். போய் விஷயத்தைச் சொன்னேன். மிளகாய் அரைக்கும் காலம், வாசலில் பெண்கள் வரிசை. அவர் ஒன்றும் யோசிக்காமல் மோட்டாரை நிறுத்தினார்.

“எத்தினி பர்சன்ட்டு?” என்று அங்கிருந்தே கத்துவார்.

“அறுபதுலயே நின்னுக்கினு கீதுண்ணே.”

“நிக்கட்டும். நீ பேஜார் ஆவாத. நான் மில்லப் போடமாட்டேன்.”

பெண்கள் மிளகாய்ப் பையோடு ஸ்டுடியோவுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எண் ஒன்று ஏறினால் தெருவுக்கே சேதி போகும். சாலவாக்கத்து அம்மா ஒருவர், பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று மதிய பஸ்ஸை விட்டார். சாயங்காலம் நூறு வந்தது. ஓட்டிப் பார்த்தோம். பந்தியில் நின்றிருந்த அவள் அப்பா கேமராவைப் பார்த்து, “கேமராவ வெச்சிட்டு மொதல்ல வந்து சாப்புடுங்கப்பா” என்றார். தனம் ஓவென்று அழுதாள். கன்னியப்பன் அண்ணன் மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்துவிட்டு அவளைவிட அதிகமாக அழுதார்.

அந்தத் தெருவை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது. ஒரு பகல் முழுக்கப் பிழைப்பை விட்டுக்கொடுத்த மனிதர், அதைப் பிறகு ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.

இப்போது கைபேசியே வீடியோவைத் தானாக எங்கோ அனுப்பிச் சேர்த்துவைக்கிறது. கூட உட்கார ஆள் வேண்டாம். ஸ்டுடியோ மூடியாயிற்று. மில் இருந்த இடத்தில் செல்போன் கடை. கன்னியப்பன் அண்ணன் போன வருஷம் காலமானார். சுற்றுவட்டாரக் கல்யாணங்களையெல்லாம் எடுத்த நாங்கள், பக்கத்துக் கடைக்காரரை எடுக்கவேயில்லை. அவர் பேசியது எதிலும் இல்லை.