பெரிய வியாழன் ஜுரம்

லிங்கராஜபுரத்தில் நான் தையல் கடை வைத்திருந்த காலம். ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டரைப் பிடித்த ஜவுளிக்காரர், தைக்கும் வேலையை எனக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். துணியையே மூன்று வாரம் தாமதமாக அனுப்பிவிட்டு, கெடு தவறினேன் என்று என் மேலேயே வழக்குப் போட்டார். துணி சொன்ன நாளில் போய்ச் சேர்ந்ததாகக் கூண்டில் ஏறிச் சத்தியமும் செய்தார். ஒப்பந்தத்தை மீறியது நான்தான், நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது. அப்பீலில் ஜெயிக்காவிட்டால் என் நாலு மெஷினும் ஜப்தி. எனக்கு வந்த கோபத்தில், அந்த ஆள் புளுகர் என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவரும் எங்கள் கோயில்காரர்தான் என்பதில் இன்னும் வயிற்றெரிச்சல்.

அப்பீலுக்குத் தீர்ப்பின் நகல் வேண்டும். நகல் கேட்டு மனுக் கொடுத்தபின், கோர்ட்டுப் பலகையில் நம் எண் வந்திருக்கிறதா என்று தினமும் போய்ப் பார்க்க வேண்டும். வந்த அன்றே முத்திரைத்தாள் கொடுக்க வேண்டும். நாள் தவறாமல் போனேன். புனித வெள்ளிக்கு முந்தின நாளான பெரிய வியாழன் அன்று மட்டும் போகவில்லை. எங்கள் சொந்த ஊர்ப் பக்கம் அன்றைக்கே எல்லாம் மூடிவிடுவார்கள். கோர்ட்டும் அப்படித்தான் என்று நினைத்துக் கோயிலில் பாடப் போய்விட்டேன். திங்கட்கிழமை குமாஸ்தா தலையை ஆட்டினார்.

"ஆகோய்த்தம்மா, முடிஞ்சுபோச்சு. வியாழக்கெழமையே கூப்டாச்சு. மனு ரிஜெக்ட்."

மறுபடி மனுப் போட்டு நகல் வாங்குவதற்குள் அப்பீல் கெடு தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிக்க நல்ல காரணம் காட்ட வேண்டும்.

"கோயிலுக்குப் போனேன்னு சொன்னா ஜட்ஜ் ஒத்துக்க மாட்டாரும்மா. ஜுரம்னு எழுதிடலாம்," என்றார் என் வக்கீல்.

பயத்தில் அப்படி எழுதிய சத்தியப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

விசாரணையில் அதை உரக்கப் படித்தார்கள். வியாழக்கிழமை முழுவதும் நான் படுத்த படுக்கையாம். அப்போதுதான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த ஜவுளிக்காரர் கண்ணில் பட்டார். அந்த வியாழன் கோயிலில் அவர் முதல் வரிசை. நான் தனியாக நின்று பாடியதை முழுதும் கேட்டவர். ஆட்சேபணை உண்டா என்று நீதிபதி கேட்டார். ஜவுளிக்காரருடைய வக்கீல் குனிந்து அவரிடம் ஏதோ விசாரித்தார். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இல்லை என்று தலையசைத்தார். தாமதத்தை மன்னித்து அப்பீலை விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

வராந்தாவில் என்னைத் தாண்டிப் போனவர் நின்றார்.

"ஜுரத்தோடயும் நல்லாதான் பாடுனீங்க, அக்கா."

அப்பீலில் ஜெயித்தேன், மெஷின்கள் தப்பின. ஆனால் அவரைப் புளுகர் என்று சொல்ல அதன்பின் எனக்கு வாய் வரவில்லை.