ஏற்கெனவே பதிவான விபத்து

கற்பனை என்று எண்ணிக்கொள்ள விரும்புவோர் எண்ணிக்கொள்ளலாம்; நடந்தது மாறிவிடாது. 1987 ஆகஸ்டில், ஓசூரை அடுத்த ஒரு பல்கலைக்கழக வளாகத்தில், பட்டப்பகலில், முனீர் அகமதுக்கு இது நேர்ந்தது. இதில் இருள் இல்லை, புளியமரம் இல்லை. ஓர் அலுவலகம் இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

முனீர் வளாகப் பட்டறையின் பொறுப்பாளர். பட்டறைச் சுவரில் முதலுதவிப் பெட்டி ஒன்று பூட்டோடு தொங்கியது. சாவி நூறு கெஜம் தள்ளி, அலுவலகக் கண்காணிப்பாளர் நாராயணப்பனின் மேசையில். பஞ்சை யாரோ விளக்குத் திரிக்கு எடுத்துப் போனதிலிருந்து இந்த ஏற்பாடு. முதலில் விபத்துப் படிவத்தை நிரப்ப வேண்டும், பிறகே சாவி. காயம்பட்டவர்கள் படிவத்தைக் கண்டதும் வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே ஆறு ஆண்டுகளாக அவ்வளாகத்தில் விபத்தே நிகழவில்லை. அதற்காக ஒரு கேடயமும் வழங்கியிருந்தார்கள்.

ஆகஸ்ட் 3, திங்கட்கிழமை, பிற்பகல் 2.20. மின்சாரம் இல்லை. தகடு வெட்டும் இயந்திரம் காலையிலிருந்தே ஓடவில்லை.

வாசலில் ஒரு பெண் நின்றாள். வலது மணிக்கட்டை முந்தானையால் சுற்றிப் பிடித்திருந்தாள். துணியின் நுனியிலிருந்து சொட்டியது. டப்... டப்...

“மிசின் அறுத்துடுச்சிங்க சார். கொஞ்சம் பஞ்சு குடுங்க.”

ஓடாத இயந்திரம் எப்படி அறுக்கும் என்று முனீருக்குத் தோன்றவில்லை. கை தானாகப் படிவத்தை எடுத்தது. பெயர் கெம்பம்மா. வயது இருபத்து நான்கு. ஊர் ஜவளகிரி. எல்லாவற்றுக்கும் அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். எழுதி முடித்ததும் அவர் அலுவலகத்துக்கு ஓடினார்.

“சாட்சிக் கட்டம் காலியா இருக்குதே பாய்,” என்றார் நாராயணப்பன்.

“ரத்தம் போவுது சார்.”

“போவட்டும். கட்டம் காலியா இருந்தா நாளைக்கு யாரு பதில் சொல்றது?”

முனீர் சாட்சியாகத் தானே கையெழுத்திட்டார். முத்திரை விழுந்தது. சாவியோடு திரும்பியபோது மணி 2.31.

வாசலில் எவரும் இல்லை. தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. சிமென்ட் தூசியில் அவருடைய செருப்புத் தடம் மட்டும் இருந்தது...

பெட்டியைத் திறக்காமலேயே சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

“ஆளே இல்லாத காயத்துக்கா பாய் இவ்ளோ ஓட்டம்?” நாராயணப்பன் சிரித்தார். முத்திரையிட்ட படிவத்தைக் கிழிக்க விதியில்லை. கோப்பில் சேர்த்தார்.

ஆகஸ்ட் 17. பிற்பகல் 2.20. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஓர் அலறல்.

வாசலில் அதே முகம். அதே சேலை. அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்த கூலிப்பெண்.

“மிசின் அறுத்துடுச்சிங்க சார். கொஞ்சம் பஞ்சு...”

முனீர் எதையும் எழுதவில்லை. தம் கைக்குட்டையை இறுக்கிக் கட்டினார். ஓடினார்.

பெயரைக் கேட்டதும் நாராயணப்பன் கோப்பைப் பிரித்தார். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினார்.

“கெம்பம்மா. இருபத்து நாலு. ஜவளகிரி. வலது கை. இது மூணாந்தேதியே வந்துடுச்சே பாய். ஒரே காயத்துக்கு ரெண்டு தரம் சாவி குடுக்க முடியாது.”

2.29. முனீர் சுத்தியலால் பூட்டை உடைத்தார்.

உள்ளே வெற்றுப் படிவக் கட்டு ஒன்று. பஞ்சு இல்லை.

ஜீப்பில் ஏற்றினார்கள். டப்... டப்...

3.05. ஜீப் மத்திகிரியைத் தாண்டியது.

சொட்டும் ஓசை நின்றது.

ஆகஸ்ட் 17-இல் வளாகத்தில் விபத்து எதுவும் நிகழவில்லை என்று அலுவலகம் மேலிடத்துக்கு எழுதியது. பிழையற்ற கடிதம்.

பத்து நாள் கழித்து, அவளுடைய கணவன் ஆஞ்சப்பனை ஜவளகிரியில் போய்ப் பார்த்தார் முனீர். மூன்றாம் தேதி கெம்பம்மா எங்கே இருந்தாள் என்று மட்டும் கேட்டார்.

“அன்னிக்கி ஆடிப் பதினெட்டுங்களே சார். ஊட்லதான் இருந்தா. ரெண்டு கைக்கும் புது வளையலு போட்டிருந்தா. சாப்ட்டுட்டு படுத்தவ, ரெண்டரை மணி வாக்குல எழுந்து, வலது கை வளையல மட்டும் கழட்டி வெச்சுட்டா. கை ஜில்லுனு இருக்குதுன்னா. நானும் தொட்டுப் பார்த்தேங்க...”

அவன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

“அன்னிலேருந்து அந்தக் கை சூடாவவே இல்லீங்க சார்.”